பழைய பேஸ்பால் அட்டைகளின் விலையேற்றம்: ஏறியிருப்பது எது?

கிழக்குக்கரை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். பழைய பேஸ்பால் அட்டைகளின் விலை பற்றி நாம் அவ்வப்போது துண்டு துண்டாகப் பேசி வந்திருக்கிறோம். ஒரே இடத்தில் விரிவாகப் பேசினால் புதிதாகச் சேகரிக்க வருபவர்களுக்கும் பயன்படும் என்பதால் இந்த இழையைத் தொடங்குகிறேன். நான் நியூஜெர்சியில் வசிக்கிறேன். வீரர்களின் படம் அச்சிட்ட அட்டைகளை வெளியிட்ட டாப்ஸ் நிறுவனத்தின் 1950களின் தொகுப்புகளை, பிளாஸ்டிக் உறையில் அடைக்கப்படாத சாதாரண அட்டைகளாகவே, ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்து வருகிறேன்.

செய்திகளில் அடிபடும் தொகைகள் உங்களுக்குத் தெரிந்தவைதாம். 1952 டாப்ஸ் தொகுப்பின் 311ஆம் எண் அட்டையான மிக்கி மேண்டில், அட்டையின் நிலைக்கு 10 வரை எண்ணிட்டு உறையில் அடைத்துத் தரும் எஸ்ஜிசி நிறுவனத்தின் 9.5 தரச்சான்றுடன் 2022 ஆகஸ்டில் ஹெரிடேஜ் ஏலத்தில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்குப் போனது. அதே அட்டையை அதன் முந்தைய உரிமையாளர் 1991இல் 50,000 டாலருக்கு வாங்கியிருந்தார். 31 ஆண்டுகளில் 252 மடங்கு; கூட்டு வீதத்தில் கணக்கிட்டால் ஆண்டுக்கு 19 விழுக்காட்டுக்கும் சற்று மேல். இதை மட்டும் பார்ப்பவர்கள் பழைய அட்டைகள் எல்லாமே இப்படித்தான் ஏறிவிட்டன என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

ஆனால் இன்னொரு வரிசையையும் பாருங்கள். அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி 1909 முதல் 1911 வரை சிகரெட் பொட்டலங்களுடன் வெளியிட்ட டி206 தொகுப்பின் ஹோனஸ் வாக்னர் அட்டை 2016இல் 31 லட்சத்து 20 ஆயிரம் டாலருக்கு விற்றது. அதன் தரம் 5. 2021 ஆகஸ்டில் அதே அட்டையின் வேறொரு படி (பிரதி) 66 லட்சத்துக்கு விற்றது. அதன் தரம் 3. 2022 ஆகஸ்டில் மற்றொன்று தனிப்பட்ட விற்பனையில் 72 லட்சத்து 50 ஆயிரத்துக்குக் கைமாறியது; அதன் தரம் 2. தரம் ஒவ்வொரு முறையும் இறங்கியது, விலையோ ஒவ்வொரு முறையும் ஏறியது.

இந்த இரண்டு விலையேற்றங்களும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை அல்ல என்பதே என் கருத்து. வாக்னர் அட்டையில் மொத்தமே ஐம்பது அறுபது படிகள்தாம் உலகில் எஞ்சியிருக்கின்றன என்று பொதுவாகக் கணிக்கப்படுகிறது. அங்கே மக்கள் விலை கொடுப்பது அட்டைக்கு. மேண்டில் 311 அப்படிப்பட்ட அரிய அட்டை அல்ல. அச்சுத் தாளிலேயே அது இரட்டையாக அச்சிடப்பட்டது. எஸ்ஜிசியைப் போலவே தரமிடும் பிஎஸ்ஏ நிறுவனம் மட்டுமே ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளுக்குத் தரமிட்டிருக்கிறது. அங்கே கோடியைத் தீர்மானித்தது உறையின் மேலிருக்கும் 9.5 என்ற எண். முதல் வகை ஏற்றம் எனக்குப் புரிகிறது, அதை மதிக்கவும் செய்கிறேன். இரண்டாவது வகைதான் என்னைப் போன்ற தொகுப்புச் சேகரிப்பாளர்களைச் சந்தையிலிருந்து மெல்ல மெல்ல வெளியே தள்ளுகிறது என்று கருதுகிறேன். உங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.

சிகாகோ தெற்கு

நல்ல தொடக்கம். மேண்டில் பற்றி ஒரு கூடுதல் செய்தி. 1952 டாப்ஸ் அவருடைய முதல் அட்டையே அல்ல. போட்டி நிறுவனமான போமனின் 1951 தொகுப்பின் 253ஆம் எண்தான் அவருடைய அறிமுக ஆண்டு அட்டை. சேகரிப்பு உலகில் அறிமுக ஆண்டு அட்டைக்கே மதிப்பு அதிகம் என்பது பொதுவிதி. இங்கே மட்டும் அந்த விதி தலைகீழாக இருப்பதற்குக் காரணம், 1952 தொகுப்பின் பிற்பகுதிக்கு நேர்ந்த கதை.

அத்தொகுப்பின் 407 அட்டைகளும் ஒரே நேரத்தில் கடைக்கு வரவில்லை. பகுதி பகுதியாக வந்தன. 311 முதல் 407 வரையிலான கடைசிப் பகுதி வந்தபோது பேஸ்பால் பருவம் முடியும் தறுவாயில் இருந்தது. சிறுவர்களின் கவனம் அமெரிக்கக் கால்பந்தின் பக்கம் திரும்பிவிட்டதால் கடைக்காரர்கள் அதை அதிகம் வாங்கவில்லை. விற்காத சரக்கு பல ஆண்டுகள் கிடங்கில் கிடந்தது. டாப்ஸ் நிறுவனத்தில் அத்தொகுப்பை வடிவமைத்த சை பெர்கர், 1960இல் அவற்றைப் படகில் ஏற்றிச் சென்று அட்லான்டிக் கடலில் கொட்டியதாகப் பின்னாளில் சொன்னார். தப்பியவற்றில் ஒரு பெரும் பகுதி 1986இல் பாஸ்டன் வட்டாரத்தில் ஒரு வீட்டிலிருந்து வெளிவந்தது. வணிகர் ஆலன் ரோசன் அதை மொத்தமாக வாங்கினார். ஆயிரக்கணக்கான அட்டைகள், அவற்றுள் மேண்டில் மட்டும் பல பத்துப் படிகள், பெரும்பாலும் அன்றுதான் உறையிலிருந்து எடுத்தவை போன்ற நிலையில் இருந்தன. 1 கோடியே 26 லட்சத்துக்குப் போன அந்த அட்டையும் அந்தக் குவியலிலிருந்து வந்ததே.

எனவே 'எண்ணுக்கு மட்டுமே விலை' என்று சொல்லிவிட முடியாது, கிழக்குக்கரை ஐயா. எண்ணோடு சேர்ந்து ஒரு வரலாறும் விலைபோகிறது. அந்தக் குவியலிலிருந்து வந்தது என்ற பூர்வீகம் அந்த ஒரு படிக்குத் தனி மதிப்பைக் கூட்டியது.

ஏலக்கணக்கு

நான் இந்தத் துறையை முதலீட்டுக் கோணத்திலிருந்து பார்ப்பவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்படிப் பார்ப்பதில் எனக்குக் கூச்சமும் இல்லை.

2020, 2021ஆம் ஆண்டுகளில் நடந்ததை மறந்துவிட்டு இன்றைய விலையைப் பேச முடியாது. பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டில் அடைபட்டிருந்த மக்களிடம் நேரமும் அரசின் உதவித் தொகையும் இருந்தன. விளையாட்டுப் போட்டிகள் நின்றுபோயின. மைக்கேல் ஜோர்டானைப் பற்றிய ஆவணத் தொடர் ஒன்று அந்நேரம் பார்த்து ஒளிபரப்பாகியது. பழைய பெட்டிகளைத் திறந்தவர்கள், புதிதாகப் பணத்தைப் போட வந்தவர்கள், அட்டையின் உரிமையைப் பங்கு பங்காகப் பிரித்து விற்ற தளங்கள் எல்லாம் ஒன்றுசேர்ந்தன. பிஎஸ்ஏ நிறுவனத்துக்கு வந்து குவிந்த அட்டைகளைச் சமாளிக்க முடியாமல் 2021 மார்ச்சில் பெரும்பாலான சேவை நிலைகளை அது நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டு மே மாதம், விஸ்கான்சினில் ஒரு கடையின் வாகன நிறுத்துமிடத்தில் அட்டைக்காக அடிதடி நடந்ததைத் தொடர்ந்து, டார்கெட் நிறுவனம் தன் கடைகளில் அட்டை விற்பனையையே சில காலம் நிறுத்தியது.

அந்த அலையில் ஏறியவற்றுள் எவை நின்றன, எவை விழுந்தன என்பதே முக்கியம். 1986 பிளியர் ஜோர்டான் கூடைப்பந்து அட்டை, பிஎஸ்ஏ 10 தரத்தில், 2021 ஜனவரி இறுதியில் 7 லட்சத்து 38 ஆயிரம் டாலரைத் தொட்டது. ஓராண்டுக்குள் அதன் விலை பாதிக்கும் வெகு கீழே இறங்கிவிட்டது. காரணம் எளிது: அந்தத் தரத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட படிகள் உள்ளன, விலை ஏறியதும் அவை வரிசைகட்டி ஏலத்துக்கு வந்தன. மேண்டில் 311 பிஎஸ்ஏ 9 தரத்தில் ஆறு படிகள்தாம் இருக்கின்றன, 10 தரத்தில் மூன்று. அந்தப் பிஎஸ்ஏ 9 படிகளில் ஒன்று 2018இல் 28 லட்சத்து 80 ஆயிரத்துக்கும், இன்னொன்று 2021 ஜனவரியில் 52 லட்சத்துக்கும் விற்றன. மூன்று ஆண்டுகளில் ஏறத்தாழ இரட்டிப்பு. வரிசைகட்டி வருவதற்கு அங்கே சரக்கே இல்லை.

ஆகவே, உயர் தரத்துக்குக் கொடுக்கும் விலையும் அரிய பொருளுக்குக் கொடுக்கும் விலைதான். அட்டை அரிதாக இருந்தாலென்ன, அந்த நிலையில் எஞ்சிய அட்டை அரிதாக இருந்தாலென்ன? 1952இல் ஒரு சிறுவன் கையில் படாமல் தப்பிய காகிதம் எத்தனை இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

கிழக்குக்கரை

ஏலக்கணக்கு அவர்களின் கேள்வி நியாயமானது. நேராகப் பதில் சொல்கிறேன்.

வாக்னர் அட்டை ஐம்பது அறுபது படிகளே உள்ளன என்பதை ஒருவர் எண்ணிச் சரிபார்க்க முடியும். 8க்கும் 9க்கும் உள்ள வேறுபாடு அப்படிப்பட்டதல்ல. அது ஒரு மனிதர் ஒரு மேசையில் சில நிமிடங்கள் பார்த்து எடுத்த முடிவு. அதே அட்டையை உறையை உடைத்து எடுத்து மறுபடி அனுப்பினால் வேறு எண் வரலாம் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அதை நம்பியே உடைத்து உடைத்து அனுப்புபவர்கள் இருக்கிறார்கள். உடைத்த உறையின் பழைய சீட்டை அவர்கள் நிறுவனத்துக்குத் திருப்பி அனுப்பாவிட்டால், ஒரே அட்டை தரப் பட்டியலில் இரண்டு மூன்று முறை எண்ணப்படுகிறது. இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டுதான் 'இந்தத் தரத்தில் இத்தனையே உள்ளன' என்று சொல்லி ஏலம் விடுகிறார்கள்.

விலைப் படிக்கட்டு இருக்கும் விதமும் இயல்பானதாக இல்லை. 4க்கும் 5க்கும் இடையில் சில நூறு டாலர் வேறுபாடு இருக்கும் ஒரு அட்டையில், 8க்கும் 9க்கும் இடையில் பல மடங்கு வேறுபாடு இருக்கிறது. கண்ணால் பார்த்தால், ஒரு மூலையில் ஊசிமுனை அளவு வெண்மை, அவ்வளவுதான். அந்த ஊசிமுனைக்கு ஒரு வீட்டின் விலை என்றால், அதை மறைப்பதற்கு ஆள் வராமல் இருப்பார்களா?

புகையிலை அட்டை

வந்தார்கள் ஐயா. இந்த இழையில் அது விரிவாகப் பேசப்பட வேண்டும் என்பதால் சற்று நீளமாக எழுதுகிறேன்.

உலகிலேயே மிகப் புகழ்பெற்ற வாக்னர் படி, ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் அவருடைய அணியின் உரிமையாளர் புரூஸ் மெக்நாலும் 1991இல் சோதபி ஏலத்தில் 4 லட்சத்து 51 ஆயிரம் டாலருக்கு வாங்கியது. அதே ஆண்டில் தொடங்கப்பட்ட பிஎஸ்ஏ நிறுவனம் தன் முதல் எண்ணிட்ட சான்றாக அதற்கே 8 தரம் வழங்கியது. 2007இல் அது முதலில் 23 லட்சத்து 50 ஆயிரத்துக்கும், சில மாதங்களில் 28 லட்சத்துக்கும் கைமாறி, அரிசோனா டைமண்ட்பேக்ஸ் அணியின் உரிமையாளர் கென் கெண்ட்ரிக்கிடம் சேர்ந்தது. அதன் ஓரங்கள் வெட்டப்பட்டிருக்கின்றன என்ற பேச்சு பல ஆண்டுகளாக இருந்தது. 2013இல், அந்த அட்டையைத் தொடக்கத்தில் விற்ற ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ, தான் ஓரங்களை வெட்டியதை நீதிமன்ற நடவடிக்கையில் ஒப்புக்கொண்டார். ஏலங்களில் போலி விலைகேட்பு நடத்திய மோசடி வழக்கில் 2015இல் அவருக்கு 20 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. தரமிடும் தொழில் முழுவதும் எந்த அட்டையைக் காட்டி நம்பிக்கையைப் பெற்றதோ அந்த அட்டையே வெட்டப்பட்ட ஒன்று. விலையேற்றத்தைப் பற்றிப் பேசும் எவரும் இந்த உண்மையை மனத்தில் வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

2019இல் மறுபடியும் இதே நிலை. இணையக் குழுமங்களில் இருந்த சேகரிப்பாளர்கள், பழைய ஏலப் படங்களையும் புதிதாகத் தரமிடப்பட்ட அட்டைகளின் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அச்சுப் புள்ளிகளையும் கறைகளையும் ஒப்பிட்டு, ஒரே அட்டை முன்பு குறைந்த தரத்திலும் பின்னர் ஓரம் சீவப்பட்டு உயர்ந்த தரத்திலும் வந்திருப்பதை ஒன்றன்பின் ஒன்றாக வெளிக்கொண்டு வந்தார்கள். அதைக் கண்டுபிடித்தவர்கள் ஊதியம் பெறாத ஆர்வலர்கள்.

நடைமுறையில் நான் செய்வதைச் சொல்கிறேன். டி206 அட்டை கைக்கு வந்ததும் பத்து மடங்கு பெருக்கும் லென்ஸில் முதலில் நான்கு ஓரங்களையும் ஒன்றோடொன்று ஒப்பிடுவேன். நூறாண்டுப் பழைய ஓரம் வெண்மையாக இருக்காது; முகப்பின் வெள்ளைக் கரை எந்த அளவுக்குப் பழுப்பேறியிருக்கிறதோ ஓரமும் அதே அளவுக்குப் பழுத்திருக்கும், நார்கள் சற்றே பிசிறி அமுங்கியிருக்கும். மூன்று ஓரங்கள் அப்படி இருந்து, நான்காவது மட்டும் வெளுப்பாகவும் கத்தி போல் கூர்மையாகவும் இருந்தால் அந்த அட்டையை உடனே கீழே வைத்துவிடுவேன். அளவு 1.44 அங்குல அகலம், 2.63 அங்குல உயரம் என்ற கணக்கில் இருக்க வேண்டும். ஆனால் ஆலையிலேயே வெட்டு மாறுபடும் என்பதால் அளவை மட்டும் வைத்துத் தீர்ப்பெழுதக் கூடாது. அடுத்து, கீழே உள்ள பெயரும் ஊரும். அசலில் அந்த எழுத்துகள் பழுப்பு மையில் இடைவெளியின்றி நிறைந்திருக்கும். மறு அச்சில் அவை சிறு சிறு புள்ளிகளாகப் பிரிந்து தெரியும். கடைசியாக இருட்டறையில் புற ஊதா விளக்கு. பழைய காகிதம் மங்கலாகவே இருக்கும், வெளுப்பூட்டிய பிற்காலக் காகிதம் நீலமாக ஒளிரும்.

இத்தனையும் செய்ய ஐந்து நிமிடம் போதும். உறையில் அடைத்த அட்டையில் ஓரத்தை இப்படிப் பார்க்க முடியாது என்பதை மட்டும் குறிப்பிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

ஏலக்கணக்கு

இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. ஆனால் உறை இல்லாத காலத்தில் நிலைமை இன்னும் மோசமாக இருந்தது. தொலைவில் இருக்கும் ஒருவர் படத்தை மட்டும் பார்த்து வாங்க வேண்டியிருக்கும் சந்தையில், ஒரு மூன்றாம் நபரின் சான்று இல்லாமல் வணிகமே நடக்காது. நீங்கள் லென்ஸ் வைத்துப் பார்க்கத் தெரிந்தவர். எல்லோருக்கும் அது கைவராது.

நடுவரிசை

சான்று தேவை என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. சான்று கொடுப்பவரின் வருமானம் விலையோடு கட்டப்பட்டிருப்பதுதான் சிக்கல். தரமிடும் கட்டணம் அட்டையின் மதிப்பைப் பொறுத்து ஏறுகிறது. எதிர்பார்த்ததைவிட உயர்ந்த எண் கிடைத்து மதிப்பு கூடிவிட்டால் கூடுதல் கட்டணமும் கேட்கிறார்கள். அதோடு, பிஎஸ்ஏவின் தாய் நிறுவனமான கலெக்டர்ஸ் 2024இல் எஸ்ஜிசியையும் வாங்கிவிட்டது. அதே நிறுவனத்தின் கையில் இருந்த கோல்டின் ஏல நிறுவனம் அதே ஆண்டில் ஈபே வசம் சென்றது. தரமிடுவோர், விற்போர், கிடங்கில் வைத்துக் காப்போர் எல்லோரும் ஒருவரோடொருவர் இவ்வளவு நெருங்கிப் பின்னிப் பிணைந்திருக்கும் சந்தையில், விலை ஏறுவதை யார் கேள்வி கேட்பார்கள்? நான் எவர் மீதும் குற்றம் சாட்டவில்லை. அமைப்பு இப்படி இருக்கிறது, வாங்குபவர் அதை அறிந்து வாங்க வேண்டும் என்கிறேன்.

இன்னொன்று. 1 கோடியே 26 லட்சம் என்று நாம் சொல்லும் தொகையில் ஏலம் முடிந்த விலைக்கு மேல் ஏல நிறுவனம் வாங்குபவரிடம் வசூலிக்கும் 20 விழுக்காடும் அடங்கியிருக்கிறது. சுத்தியல் விழுந்தது 1 கோடியே 5 லட்சத்தில். சிறிய அளவிலும் இதே கணக்குத்தான். 1,000 டாலருக்கு ஏலம் எடுத்தால் நீங்கள் கட்டுவது 1,200. மறுநாளே அதை விற்று, விற்பனையாளர் தரகே இல்லாமல் சுத்தியல் விலை முழுதும் உங்கள் கைக்கு வந்தால்கூட, போட்ட முதல் திரும்பவே விலை 20 விழுக்காடு ஏறியிருக்க வேண்டும். அமெரிக்காவில் வசிப்பவர்கள் வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீண்ட காலம் வைத்திருந்து விற்ற பங்குகளின் ஆதாயத்துக்கு உச்ச வீதம் 20 விழுக்காடு, சேகரிப்புப் பொருள்களுக்கு 28. காப்பீடும் பாதுகாப்புப் பெட்டக வாடகையும் தனி. செய்தியில் வரும் 'இத்தனை மடங்கு' என்ற பேச்சில் இவை எதுவும் கழிக்கப்படுவதில்லை.

சிகாகோ தெற்கு

விலையேற்றத்தில் நான் மனமார வரவேற்கும் ஒரு பகுதி இருக்கிறது. அது இந்த இழையில் விடுபடக் கூடாது. ஜாக்கி ராபின்சன், சாட்செல் பெய்ஜ், ராபர்டோ கிளெமென்டே, ஹாங்க் ஆரன், வில்லி மேஸ் ஆகியோரின் அட்டைகள் பல பத்தாண்டுகள் மேண்டிலின் நிழலில் கிடந்தன. ஆட்டக் கணக்கில் மேண்டிலுக்குச் சற்றும் குறையாதவரான மேஸின் 1951 போமன் அட்டையும், ஆரனின் 1954 டாப்ஸ் அட்டையும் அவற்றுக்குரிய கவனத்தை அன்று பெறவில்லை. இதில் நிறத்துக்குப் பங்கே இல்லை என்று நேர்மையாகச் சொல்ல முடியாது.

2020 டிசம்பரில் மேஜர் லீக் பேஸ்பால், கறுப்பின வீரர்கள் மட்டும் ஆடிய நீக்ரோ லீகுகளைப் பெரும் லீகுகளாக அங்கீகரித்தது. 2024 மே மாதம் அவற்றின் புள்ளிவிவரங்களும் அதிகாரபூர்வப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன. அதன்படி வாழ்நாள் பேட்டிங் சராசரியில் டை காபைக் கடந்து ஜாஷ் கிப்சன் .372 என்ற எண்ணுடன் முதலிடத்துக்கு வந்தார். ஆனால் கிப்சனுக்கு, அவர் ஆடிய காலத்தில் எந்த அமெரிக்க நிறுவனமும் மிட்டாயோடோ சிகரெட்டோடோ அட்டை போடவில்லை. அவர் இறந்த பின், 1950 வாக்கில் போர்ட்டோ ரிக்கோவில் வெளிவந்த டொலெடெரோஸ் தொகுப்பில்தான் அவருக்கு ஒரு அட்டை கிடைத்தது. இன்று அதைக் காண்பதே அரிது. அப்படிப்பட்ட அட்டைக்குப் பெரும் விலை கொடுக்கிறார்கள் என்றால், அது எண்ணுக்குக் கொடுக்கும் விலை அல்ல. காலம் தாழ்ந்து வந்த மரியாதை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

கிழக்குக்கரை

இதை முழு மனத்துடன் ஏற்கிறேன். நான் வரைந்த கோட்டின் சரியான பக்கத்தில் நிற்கும் ஏற்றம் இது. 2023 டிசம்பரில் 72 லட்சம் டாலருக்கு விற்ற 1914 பால்டிமோர் நியூஸ் பேப் ரூத் அட்டையும் இந்த வகையே. பத்துப் படிகள் அளவில்தான் அறியப்பட்டிருக்கின்றன, விற்றதன் தரம் 3, அதை யாரும் ஒரு குறையாகப் பேசவில்லை.

டொராண்டோ மாணவி

மூத்தோர் அனைவருக்கும் வணக்கம். உங்கள் உரையாடலைத் தொடர்ந்து படித்து வருகிறேன். எங்கள் ஊர் அணியான புளூ ஜேஸின் ஆட்டங்களைப் பார்க்கத் தொடங்கிய பிறகு பேஸ்பால் வரலாற்றின் மீது ஆர்வம் வந்தது. மாணவி என்பதால் மாதம் ஐம்பது அறுபது டாலருக்கு மேல் என்னால் செலவிட முடியாது. இவ்வளவு விலையேறிய சந்தையில் என்னைப் போன்றவர்கள் தொடங்குவதற்கு இடம் இருக்கிறதா? அக்கம்பக்கத்தில் ஒருவர் 1990ஆம் ஆண்டு அட்டைப் பெட்டிகளை மலிவாகத் தருகிறேன் என்கிறார். அவற்றை வாங்கலாமா?

புகையிலை அட்டை

தங்கையே, முதலில் அந்தப் பெட்டிகளை வாங்க வேண்டாம். 1980களின் பிற்பகுதியிலிருந்து 1990களின் தொடக்கம் வரை, பழைய அட்டைகளின் விலை ஏறுவதைப் பார்த்த நிறுவனங்கள் அளவுக்கு மீறி அச்சடித்தன. வாங்கியவர்களும் பிரிக்காமல் பத்திரமாக அடுக்கி வைத்தார்கள். யாரும் தூக்கியெறியாததால் அவை இன்றும் குவிந்து கிடக்கின்றன. கல்லூரிப் படிப்புச் செலவுக்கு ஆகும் என்று பெற்றோர் வாங்கி வைத்த பெட்டிகள் அவை. பழைய அட்டைகளுக்கு மதிப்பு வந்ததே, சிறுவர்கள் அவற்றைச் சைக்கிள் சக்கரக் கம்பியில் செருகியதாலும், போர்க்காலத்தில் பழைய காகிதமாகக் கொடுத்ததாலும், தாய்மார்கள் வீட்டைத் துப்புரவு செய்தபோது குப்பையில் போட்டதாலும்தான்.

உங்களுக்கு இடம் தாராளமாக இருக்கிறது. டி206 தொகுப்பில் 500க்கும் மேற்பட்ட அட்டைகள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை புகழ்பெறாத வீரர்களுடையவை. மூலை உருண்டு, நடுவில் ஒரு மடிப்பு விழுந்த படி இன்றும் சில பத்து டாலர்களுக்குக் கிடைக்கிறது. பின்புறத்தில் பீட்மான்ட் அல்லது ஸ்வீட் கேபரல் சிகரெட் விளம்பரம் இருப்பதைத் தேடுங்கள். அவை அதிகம் அச்சிடப்பட்டவை என்பதால் விலை குறைவு. டை காப் அட்டையைவிடச் சிற்றூர் லீகில் ஆடிய ஒருவரின் அட்டை உங்களுக்கு அதிகம் கற்றுத்தரும், ஏனென்றால் அவர் யார் என்று நீங்களே தேடிப் படிக்க வேண்டியிருக்கும்.

டி206 என்ற பெயரைத் தந்தவர் ஜெபர்சன் பர்டிக் என்ற சேகரிப்பாளர். நாம் இன்றும் பயன்படுத்தும் வகைப்பாடு அவருடைய அட்டைப் பட்டியலிலிருந்து வந்ததே. கடுமையான மூட்டுவாதத்தால் அவதிப்பட்ட அவர், 3 லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளையும் அச்சுத் துண்டுகளையும் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்துக்கு அளித்தார். அங்கேயே அமர்ந்து, 1963இல் இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்புவரை, அவற்றைத் தொகுப்பேடுகளில் தம் கையால் ஒட்டி முடித்தார். ஆம், பசை வைத்து ஒட்டினார். அவற்றுள் ஒரு வாக்னரும் இருக்கிறது. இன்றைய தரமிடுபவரிடம் கொடுத்தால் அந்த அட்டைகளுக்கு அடிமட்ட எண்ணே கிடைக்கும். இந்தத் துறைக்கு இலக்கணம் வகுத்தவர் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

ஏலக்கணக்கு

மாணவிக்கு மேலே சொல்லப்பட்ட அறிவுரையை நானும் வழிமொழிகிறேன். முதலீட்டுக் கோணத்திலும் அதுவே சரி. வாடகைக்கும் படிப்புக்கும் தேவைப்படும் பணத்தை இதில் போடக் கூடாது. அவசரத்துக்கு விற்கப் போனால் சந்தை காத்திருக்காது.

ஆனால் கிழக்குக்கரை அவர்களிடம் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. உயர் தர அட்டைகள் மட்டுமே ஏறின என்றால் உங்களைப் போன்ற நடுத்தரத் தொகுப்புச் சேகரிப்பாளருக்கு அதனால் என்ன இழப்பு? நீங்கள் அவற்றை வாங்கப் போவதே இல்லையே.

கிழக்குக்கரை

இழப்பு இரண்டு வழிகளில் வருகிறது.

முதலாவது, 9ஐ வாங்க முடியாதவர் 7ஐ வாங்கப் போகிறார். 7ஐ வாங்கிக்கொண்டிருந்தவர் 5க்கு இறங்குகிறார். கடைசியில் நான் தேடும் 2க்கும் 3க்கும் போட்டி வந்துவிடுகிறது. 1952 மேண்டில் தரம் 1இல், மூலைகள் தேய்ந்து குறுக்கே மடிப்பு விழுந்த நிலையில்கூட, இன்று ஐந்திலக்க டாலர் கேட்கிறது. அதனால் 407 அட்டைகளையும் நிறைவு செய்வது என்ற இலக்கையே பலர் கைவிட்டுவிட்டார்கள். ராபின்சனின் 312ஆம் எண்ணும், அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும், விலை உயர்ந்ததே.

இரண்டாவது இழப்பை விலைப் பட்டியலில் பார்க்க முடியாது. ஐந்து டாலர், பத்து டாலர் மதிப்புள்ள சாதாரண வீரர்களின் அட்டைகளைக் கண்காட்சிகளுக்குக் கொண்டுவரும் வணிகர்கள் குறைந்து வருகிறார்கள். மேசை வாடகை ஏறிவிட்டது. ஒரு மேசையில் ஆயிரம் சில்லறை அட்டைகளை விரித்து நாள் முழுதும் நின்று ஈட்டுவதை, உறையிட்ட ஒரே அட்டையை விற்று ஒருவர் ஈட்டிவிடுகிறார். சென்ற முறை எங்கள் வட்டாரக் கண்காட்சிக்குப் போனபோது, 1956 டாப்ஸ் தொகுப்பில் எனக்கு விடுபட்ட எண்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அரங்கம் முழுவதும் கேட்டேன். தரமிடாத சாதாரண அட்டைகளைப் பெட்டியில் வைத்திருந்தவர் மூலையில் இருந்த ஒரே ஒரு முதியவர். அவருடைய பெட்டியில் எண் வரிசைப்படி, அட்டைக்கு ஒரு மென்தாள் உறை போட்டு, விலையைப் பென்சிலால் சிறிதாக எழுதி வைத்திருந்தார். எனக்கு வேண்டியவற்றில் பாதி அங்கே இருந்தன. அடுத்த ஆண்டு மேசை எடுக்கப் போவதில்லை என்றார்.

தொகுப்பை நிறைவு செய்வது என்ற பழக்கமே இந்தத் துறையின் அடித்தளம் என்பது என் நம்பிக்கை. 1933இல் கௌடி நிறுவனம் 106ஆம் எண் அட்டையை வெளியிடாமலே விட்டுவிட்டது. சிறுவர்கள் அதைத் தேடி மேலும் மேலும் பபிள்கம் வாங்கினார்கள். எழுதிக் கேட்டவர்களுக்கு 1934இல் விடுபட்ட அந்த எண்ணில் நாப் லாஜோய் என்ற வீரரின் அட்டையை அஞ்சலில் அனுப்பினார்கள். விடுபட்ட ஒரு எண்ணுக்காகக் கடிதம் எழுதிய அந்தச் சிறுவர்கள்தாம் நமக்கு முன்னோடிகள். அவர்களின் வழியில் சேகரிப்பவர் இல்லாமல் போனால், சாதாரண வீரர்களின் அட்டைகளைப் பற்றி அறிந்தவர்களும் இல்லாமல் போவார்கள்.

நடுவரிசை

அந்த முதியவரின் சரக்கு அடுத்து எங்கே போகும் என்று கேட்டீர்களா? ஓய்வுபெறும் வணிகர்களின் பெட்டிகளை மொத்தமாக வாங்குபவர்கள் நட்சத்திரங்களை மட்டும் பிரித்தெடுத்து, மிச்சத்தை எடைக்கு விற்பதுபோல் தள்ளிவிடுகிறார்கள். நம்மில் நான்கைந்து பேர் பணம் சேர்த்து அப்படிப்பட்ட ஒரு பெட்டியை மொத்தமாக வாங்கி, அவரவருக்கு விடுபட்ட எண்களைப் பங்கிட்டுக்கொள்ளலாம். மாணவிக்கும் அதில் பழைய அட்டைகள் கிடைக்கும்.

கிழக்குக்கரை

கேட்டேன், இன்னும் யாரிடமும் பேசவில்லை என்றார். அவருடைய தொலைபேசி எண்ணை வாங்கி வைத்திருக்கிறேன். 1954 முதல் 1958 வரையிலான டாப்ஸ் இருப்பதாகச் சொன்னார். விருப்பமுள்ளவர்கள் தங்களுக்கு விடுபட்ட எண்களையும் செலவிடக்கூடிய தொகையையும் எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். மேண்டில், மேஸ், ஆரன், கிளெமென்டே ஆகியோரின் அட்டைகளை அவரே வைத்துக்கொண்டு தனியாக விற்கட்டும். நாம் கேட்கப்போவது மற்றவற்றை மட்டும் என்று அவரிடம் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அவருக்கும் அதில் இழப்பு இருக்காது.

டொராண்டோ மாணவி

எனக்கு விடுபட்ட எண்கள் என்று எதுவும் இல்லை அண்ணா, இனிமேல்தான் தொடங்க வேண்டும். மற்றவர்கள் எடுத்தது போக 1956இல் மிஞ்சுபவற்றில் அறுபது டாலருக்கு எனக்கு ஒதுக்குங்கள். எந்த வீரராக இருந்தாலும் சரி. லென்ஸ் ஒன்று வாங்கிவிட்டேன்.